போட்டோஷாப் பழகிய கை இங்க்ஸ்கேப்பில் தடுமாறும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

திருமண ஆல்பம் வடிவமைப்பில் ஐந்தாறு ஆண்டுகள் ஊறியவர்கள் ஸ்டிக்கர், பெயர்ப்பலகை, லோகோ வேலைக்கு மாறும்போது முதல் சில வாரங்கள் படும் பாட்டை அருகில் உட்கார்ந்து பார்த்து வருகிறேன். அவர்களுக்குக் கைத்திறன் குறைவில்லை. நிறமும் அமைப்பும் நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் எல்லோரும் ஒரே சில இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் அதே பதில்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்தப் பதில்களை இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். செலவில்லாத காரணம் முதலில் வரும், காசும் நேரமும் பிடிக்கும் காரணம் பின்னால் வரும்.

போட்டோஷாப் படத்தைப் பிக்சல் என்ற புள்ளிகளாக வைத்துக்கொள்கிறது. இங்க்ஸ்கேப் கோடும் வடிவமுமாக வைத்துக்கொள்ளும் இலவச வரைகலை மென்பொருள், அதில் வரைந்தது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. நான் எடுத்துக்கொண்டது இங்க்ஸ்கேப் 1.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. இதே வகை மென்பொருள்களான கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் இவைதான். மெனுவும் குறுக்குவிசையும் மட்டும் மாறும்.

எந்தச் சிக்கலானாலும் முதல் சோதனை ஒன்றுதான். எஸ் விசையை அழுத்தித் தேர்வுக் கருவிக்கு வாருங்கள். உருவத்தை ஒரு முறை கிளிக் செய்துவிட்டு, ஜன்னலின் அடியில் ஓடும் நிலைவரியைப் படியுங்கள். பாத் (கோட்டாலான பாதை), குரூப் (தொகுப்பு), இமேஜ் (புகைப்படம்), டெக்ஸ்ட் (எழுத்து) என்று அந்த உருவத்தின் வகை அங்கே வரும். எத்தனை உருவங்கள், எந்த லேயரில் என்பதும் வரும். போட்டோஷாப்பில் அந்த வரியைப் பார்க்கும் வழக்கம் பலருக்கு இல்லை. இங்கே பாதிக் கோளாறுகளின் பெயர் அந்த வரியில்தான் இருக்கிறது.

## அறிகுறி: கிளிக் செய்தால் சரியானது தேர்வாகவில்லை

### எதுவுமே தேர்வாகவில்லை என்றால்

முதலில் கையில் இருக்கும் கருவியைப் பாருங்கள். பேனா கருவி இருந்தால் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு புள்ளி விழும், எதுவும் தேர்வாகாது. எஸ்கேப் அழுத்திவிட்டு எஸ் அழுத்துங்கள்.

கருவி சரியாக இருந்தால், உருவத்துக்கு உள்நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரக்கோடு மட்டும் உள்ள வட்டத்தின் நடுவில் கிளிக் செய்தால் அது தேர்வாகாது. கோட்டின் மேலேயே கிளிக் செய்ய வேண்டும்.

அதுவும் இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் அழுத்தி லேயர் பலகையைத் திறந்து, பூட்டுக் குறி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். 'ஆப்ஜெக்ட்' மெனுவில் உள்ள 'அன்லாக் ஆல்', 'அன்ஹைடு ஆல்' இரண்டையும் ஒரு முறை தட்டினால் மிச்சமிருக்கும் சந்தேகமும் தீரும்.

### எல்லாம் சேர்ந்தே தேர்வாகிறது என்றால்

நிலைவரியில் 'குரூப்' என்று வரும். கன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி கிளிக் செய்தால் குரூப்புக்குள் இருக்கும் ஒன்று மட்டும் தேர்வாகும். நிரந்தரமாகப் பிரிக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜி. பி.டி.எஃப். கோப்பிலிருந்து வந்த படங்களில் குரூப்புக்குள் குரூப், அதற்குள் இன்னொரு குரூப் என்று அடுக்கியிருக்கும். நிலைவரியில் 'குரூப்' என்ற சொல் போகும்வரை பிரித்துக்கொண்டே போங்கள்.

### மேலே இருப்பதுதான் தேர்வாகிறது, அடியில் இருப்பது வேண்டும் என்றால்

ஆல்ட் விசையைப் பிடித்தபடி அதே இடத்தில் மறுபடி கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஓரடுக்கு கீழே இறங்கும். போட்டோஷாப்பில் ஒவ்வொரு பொருளும் தனி லேயராக இருந்ததால் இங்கும் லேயர் லேயராகத் தேடத் தோன்றும். இங்கே ஒரே லேயரில் நூறு உருவங்கள் இருக்கலாம். அவற்றுக்குள் முன்பின் வரிசையை மாற்ற பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் போதும்.

## அறிகுறி: வரைந்தேன், எதுவும் தெரியவில்லை

கன்ட்ரோலுடன் 5 அழுத்துங்கள். நிறமெல்லாம் மறைந்து ஓரக்கோடுகள் மட்டும் தெரியும். வரைந்தது அங்கே தெரிந்தால் உருவம் இருக்கிறது, நிறம்தான் இல்லை. அங்கேயும் இல்லையென்றால் 4 விசையை அழுத்துங்கள். வரைந்தவை அனைத்தும் திரைக்குள் வரும்படி பார்வை விலகும். பக்கத்துக்கு வெளியே எங்கோ வரைந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

நிறம் இல்லாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் முந்தைய வேலைதான். கடைசியாகப் பயன்படுத்திய நிறத்தையும் ஒளிபுகும் தன்மையையும் புதிய உருவமும் எடுத்துக்கொள்கிறது. கடைசி உருவத்தின் உள்நிறத்தையும் ஓரக்கோட்டையும் நீக்கியிருந்தால் அடுத்த உருவம் கண்ணுக்குத் தெரியாமலே பிறக்கும். உருவத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் அழுத்தினால் நிறப் பலகை வரும். உள்நிறம், ஓரக்கோடு, ஒளிபுகும் அளவு ஆகிய மூன்றையும் அங்கேயே சரிசெய்யலாம். இது அடிக்கடி நடந்தால் விருப்பத்தேர்வுகளில் அந்தக் கருவிக்கெனத் தனி நிறம் வைத்துக்கொள்ளும்படி மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி: நிறம் போகக் கூடாத இடத்துக்குப் போகிறது

ஆல்ப வேலையிலிருந்து வந்தவர் முதலில் தேடுவது நிறம் ஊற்றும் வாளியைத்தான். இங்கும் வாளி இருக்கிறது. ஆனால் அது இருக்கும் உருவத்துக்கு நிறம் கொடுப்பதில்லை. திரையில் தெரியும் பரப்பை அளந்து புதிதாக ஓர் உருவத்தைச் செய்து மேலே வைக்கிறது. சோதிப்பது எளிது: ஊற்றிய நிறத்தைப் பிடித்து நகர்த்துங்கள். பழைய உருவம் அடியில் அப்படியே இருந்தால் வாளிதான் காரணம்.

செயலைத் திரும்பப் பெற்று, உருவத்தைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள நிறவரிசையில் ஒரு முறை கிளிக் செய்யுங்கள். உள்நிறம் மாறிவிடும். ஷிஃப்ட் பிடித்துக் கிளிக் செய்தால் ஓரக்கோட்டின் நிறம் மாறும். வாளியைத் தொடாமலேயே பல மாதங்கள் வேலை பார்க்கலாம்.

## அறிகுறி: புகைப்படத்தை வெட்ட முடியவில்லை

போட்டோஷாப்பில் இருப்பது போன்ற கிராப் கருவியை இங்கே தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். புகைப்படத்தின் மேல் செவ்வகமோ வட்டமோ வரையுங்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து 'ஆப்ஜெக்ட்' மெனுவில் 'கிளிப்' என்பதற்குள் 'செட் கிளிப்' கொடுங்கள். மேலே இருக்கும் உருவமே வெட்டும் அளவாகும். படம் முழுதாக மறைந்துவிட்டால் மேல்கீழ் வரிசை மாறியிருக்கிறது என்று பொருள். திரும்பப் பெற்று, வெட்டும் உருவத்தைத் தேர்ந்தெடுத்து ஹோம் விசையை அழுத்தி மேலே கொண்டுவந்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். வெட்டியதாகத் தெரியும் பகுதி, இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்.வி.ஜி. கோப்புக்குள் அப்படியே இருக்கிறது. கிளிப்பை நீக்கும் எவருக்கும் முழுப்படமும் தெரியும். குடும்பப் புகைப்படத்தில் ஒருவரை மட்டும் எடுத்துக் கோப்பாகக் கொடுப்பதாக இருந்தால், போட்டோஷாப்பிலோ, அதுபோன்ற இலவச மென்பொருளான ஜிம்ப்பிலோ வெட்டிவிட்டு இங்கே கொண்டுவாருங்கள்.

## அறிகுறி: கொண்டுவந்த லோகோ பெரிதாக்கினால் மங்குகிறது

நிலைவரியைப் படியுங்கள். 'இமேஜ்' என்று வந்தால் அது இன்னும் புகைப்படம்தான். இங்க்ஸ்கேப்பில் திறந்ததாலேயோ, எஸ்.வி.ஜி. என்று பெயர் மாற்றிச் சேமித்ததாலேயோ அது கோடாகிவிடாது. இந்த ஒரு விஷயத்தை ஏற்றுக்கொள்ள எல்லோருக்கும் சில நாள்கள் பிடிக்கின்றன.

முதலில் முயலவேண்டியது, மூலக் கோப்பைக் கேட்பது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன், "பழைய பில் புத்தகம் அடித்த இடத்தில் லோகோவின் பி.டி.எஃப். அல்லது கோரல் கோப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அது கிடைத்துவிடும், உங்களுக்கும் இரண்டு மணி நேரம் மிச்சம்.

கிடைக்கவில்லையென்றால் படத்தைப் பார்த்துத் தானாகக் கோடுகளாக்கும் 'டிரேஸ் பிட்மேப்', விசைகள் ஷிஃப்ட், ஆல்ட், பி. அங்கே வரும் துணை அறிகுறிகள் இவை.

### டிரேஸ் செய்தேன், எதுவும் நடக்கவில்லை

நடந்திருக்கிறது. புதிய உருவம் பழைய படத்தின் மேலேயே, ஒரு மயிரிழையும் பிசகாமல் உட்கார்ந்திருக்கும். மேலே இருப்பதைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நிலைவரியில் 'பாத்' என்று வருவது புதியது, 'இமேஜ்' என்று வருவது பழையது. பழையதை அழித்துவிடுங்கள். அழிக்க மறந்தால் அச்சில் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்தது போல் தெரியும்.

### விளிம்பு பல்பல்லாக இருக்கிறது, தூசி தூசியாகப் புள்ளிகள் விழுகின்றன

இங்கேதான் உங்கள் பழைய கைத்திறன் பயன்படுகிறது. படத்தைப் போட்டோஷாப்புக்கே எடுத்துப் போங்கள். மூன்று நான்கு மடங்கு பெரிதாக்கி, லேசாக மங்கலாக்கி, கருப்பு வெள்ளையாக்கி, பிறகு திரெஷோல்டு கொடுத்து விளிம்பைக் கூர்மையாக்குங்கள். கறைகளைத் தூரிகையால் துடைத்துவிட்டு இங்கே கொண்டுவந்து டிரேஸ் செய்யுங்கள். டிரேஸ் பலகையில் தூசிப் புள்ளிகளை நீக்கும் அளவை ஏற்றிப் பாருங்கள். டிரேஸ் சரியாக வருமா வராதா என்பதில் முக்கால் பங்கு இந்த முன்வேலையில்தான் முடிவாகிறது. நேரடியாக டிரேஸ் செய்துவிட்டு அரை மணி நேரம் புள்ளி புள்ளியாகத் திருத்துவதைவிட, பத்து நிமிடம் படத்தைச் சுத்தம் செய்வது மேல்.

### வட்டம் வட்டமாக இல்லை, நேர்கோடு நெளிகிறது

டிரேஸை விட்டுவிடுங்கள். படத்தை ஒரு லேயரில் வைத்துப் பூட்டி, ஒளிபுகும்படி மங்கலாக்கி, அதன் மேல் புதிய லேயரில் வட்டத்தை வட்டக் கருவியாலும், நேர்கோட்டைப் பேனா கருவியாலும் வரையுங்கள். வளைவுக்குப் புள்ளிகளைக் குறைவாக வையுங்கள். ஓர் அரைவட்டத்துக்குப் பதினைந்து புள்ளி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வளைவு ஒருநாளும் வழுவழுப்பாக வராது. வளைவு திசை மாறும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்து, மிச்சத்தைக் கைப்பிடியை இழுத்துச் சரிசெய்யுங்கள்.

தெய்வ உருவம், முகம், நுணுக்கமான கோலம் போன்றவை ஒரு சிறிய மங்கல் படமாக மட்டுமே இருந்தால், கையால் வரையும் ஓவியரிடம் கொடுங்கள். அவர் வெள்ளைத் தாளில் கருப்பு மையில் பெரிதாக வரைந்து கொடுத்ததை ஸ்கேன் செய்து டிரேஸ் செய்தால் உயிரோடு வரும்.

## அறிகுறி: படம் இருந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி

புகைப்படத்தை உள்ளே கொண்டுவரும்போது 'லிங்க்' என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கோப்புக்குள் இருந்தது படத்தின் முகவரி மட்டுமே. படத்தைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தால் குறி போய்விடும். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பு என்றால் கொண்டுவரும்போதே 'எம்பெட்' தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே கொண்டுவந்தவற்றையும் நீட்சிகள் மெனுவில் படங்களுக்கான பகுதியிலிருந்து மொத்தமாகப் பதித்துவிடலாம்.

## அறிகுறி: தமிழ் எழுத்து மாறிப்போகிறது

அச்சு வேலையில் அதிகம் பணம் போகும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

### தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய வரியில் 'தமிழ்' என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் உள்ளபடியே தெரியும்.

எழுத்துருவை நிறுவி, இங்க்ஸ்கேப்பை மூடித் திறந்து பாருங்கள். தீரவில்லையென்றால் வரியை நகலெடுத்து எழுத்து மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கி, யூனிகோடு எழுத்துருவில் வையுங்கள். மாற்றிய பிறகு ஒவ்வொரு சொல்லையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். கிரந்த எழுத்துகளிலும் நிறுத்தற்குறிகளிலும் பிசகு வரும்.

### கொம்பின் அருகே புள்ளிகளாலான ஒரு வட்டம் தெரிகிறது

இது போட்டோஷாப்பிலிருந்து வருபவர்களுக்கென்றே உள்ள நோய். போட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பு இயக்கப்படாமல் இருந்தால், 'கொடி' என்று யூனிகோடில் முறையாகத் தட்டினாலும் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதைச் சமாளிக்கக் கொம்பை முதலில் தட்டி, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வரிசையில் தட்டிப் பழகிவிடுகிறார்கள். அந்த வரியை இங்க்ஸ்கேப்பில் ஒட்டினால், எழுத்தை முறையாகக் கோக்கும் இந்த மென்பொருள், தாங்க எழுத்தில்லாமல் தனியே நிற்கும் கொம்புக்குப் புள்ளிவட்டம் போட்டுக் காட்டுகிறது. மென்பொருள் சரியாகத்தான் இருக்கிறது, வரிதான் தவறு. அந்தச் சொல்லை அழித்து க, பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில் புதிதாகத் தட்டுங்கள். ஒரே வரியில் பல இடங்களில் இருந்தால் முழுவரியையும் மறுபடி தட்டிவிடுவதே விரைவு.

### என் திரையில் சரி, அச்சகத்தில் மாறிவிட்டது

எழுத்துகளைப் பாதையாக மாற்றாமல் அனுப்பியிருக்கிறீர்கள். அனுப்பும் முன் எழுத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்துங்கள். கோரல்டிராவில் இதே வேலைக்கு கன்ட்ரோல், க்யூ. நிலைவரியில் 'டெக்ஸ்ட்' போய்ப் பாதைகளின் குரூப் என்று வரவேண்டும். அப்படி வந்தால் எந்தக் கணினியிலும் மாறாது.

ஆனால் மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. ஆகவே வரிசை முக்கியம்: மெய்ப்புப் பார்ப்பது, வாடிக்கையாளரின் ஒப்புதல் வாங்குவது, எழுத்தாக உள்ள கோப்பைத் தனியே சேமிப்பது, அதன் நகலில் பாதையாக்குவது. ஒரு காதணி விழா அழைப்பிதழில் இந்த வரிசையை மாற்றிச் செய்ததால், தாய்மாமன் பெயரில் விழுந்த ஒற்றுப்பிழையைத் திருத்த இரவு பத்து மணிக்கு அட்டை முழுவதையும் மறுபடி தட்டினோம். எழுத்தாக உள்ள கோப்பு இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

தாளில் அச்சாகிவந்த பிறகுதான் பிழை தெரிந்தது என்றால், மறு அச்சுக்கு முன் அச்சகத்தின் டி.டி.பி. இயக்குநரை அழைத்து அவர் திரையில் தெரிவதை ஒரு படமாக அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் ஊகத்தில் அனுப்ப வேண்டாம்.

## அறிகுறி: அளவு தவறாக வருகிறது

வந்த பொருளை அளவுகோலால் அளந்து, நீங்கள் கேட்ட அளவால் வகுங்கள். அந்த விகிதமே காரணத்தைச் சொல்லிவிடும்.

100 மில்லிமீட்டர் கேட்டு 75 வந்திருக்கிறதா? இல்லஸ்ட்ரேட்டரில் செய்த எஸ்.வி.ஜி. கோப்பு. அங்கே ஓர் அங்குலத்துக்கு 72 அலகு, இங்கே 96. முழுவதையும் தேர்ந்தெடுத்து 133.333 விழுக்காடாக்குங்கள்.

160 கேட்டு 150 வந்திருக்கிறதா? 0.91 அல்லது அதற்கு முந்தைய இங்க்ஸ்கேப்பில் செய்த பழைய கோப்பு. அப்போது ஓர் அங்குலத்துக்கு 90 அலகு. பழைய கோப்பைத் திறக்கும்போது இங்க்ஸ்கேப் இது பற்றிக் கேட்கும் கேள்வியைப் படிக்காமல் மூடியிருப்பீர்கள். மறுபடி திறந்து, அளவு மாறாமல் இருக்கும்படி தேர்ந்தெடுங்கள்.

ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் கூடுதலா? ஓரக்கோட்டின் தடிமனும் அளவில் சேர்ந்திருக்கிறது. 100 மில்லிமீட்டர் சதுரத்துக்கு 2 மில்லிமீட்டர் ஓரக்கோடு கொடுத்தால் மேலே உள்ள அளவுப் பெட்டி 102 என்று காட்டும். விருப்பத்தேர்வுகளில் கருவிகள் பகுதியில் எல்லைப் பெட்டியை 'ஜியோமெட்ரிக்' என்று மாற்றினால் 100 என்றே காட்டும்.

பெரிதாக்கும்போது கோடு தடித்துவிடுகிறது, அல்லது தடிக்க வேண்டியது மெலிந்தே நிற்கிறது என்றால், தேர்வுக் கருவியின் மேல்பட்டையில் ஓரக்கோட்டையும் சேர்த்து மாற்றவா என்பதற்கான பொத்தான் இருக்கிறது. லோகோவுக்கு அதை இயக்கியே வையுங்கள்.

பெரிய பலகைக்காக உருவத்தை இத்தனை பிக்சல் என்று கணக்கிடும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடலாம். 10 அடிக்கு 6 அடி பேனரை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) போட்டோஷாப்பில் திறந்தால் 36,000-க்கு 21,600 பிக்சல், கணினி மூச்சுத்திணறும். இங்கே விசிட்டிங் கார்டு அளவில் வரைந்த லோகோவே அந்தப் பலகைக்கும் போதும்.

## அறிகுறி: ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் தவறாக வெட்டுகிறது

### ஒரே கோட்டை மறுபடி மறுபடி வெட்டுகிறது

போட்டோஷாப்பில் தேர்வை விடுவிக்க கன்ட்ரோல், டி. இங்க்ஸ்கேப்பில் அதே விசைகள் உருவத்துக்கு நகல் எடுத்து, மூலத்தின் மேலேயே வைத்துவிடும். திரையில் எந்த மாற்றமும் தெரியாது. ஆட்டோ கண்ணாடிக்கு 'மீனாட்சி துணை' என்று வெட்டக் கொடுத்த ஒரு கோப்பில் இதை நேரில் பார்த்தேன். கத்தி முதல் எழுத்தையே விடாமல் சுற்றிச் சுற்றி வந்தது. வினைல் தாளைத் தாண்டி அடித்தாளும் அறுந்து, எழுத்து இயந்திரத்திலேயே சுருண்டுகொண்டது. கோப்பைத் திறந்து அனைத்தையும் தேர்ந்தெடுத்தால் நிலைவரியில் 84 உருவங்கள். இருக்க வேண்டியவை 12. வரைந்த தம்பி தேர்வை விடுவிப்பதாக நினைத்து ஆறு முறை கன்ட்ரோல், டி அழுத்தியிருந்தார்.

வெட்டக் கொடுக்கும் முன் கன்ட்ரோல், ஏ அழுத்தி எண்ணிக்கையைப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் ஒவ்வொன்றாக இழுத்து அடியில் இருப்பதை நீக்குங்கள். தேர்வை விடுவிக்க எஸ்கேப் என்று கையைப் பழக்குங்கள். கன்ட்ரோல், ஜே-யும் இதே வகைதான். அங்கே அது லேயர் நகல், இங்கே உருவத்தை 'டைனமிக் ஆஃப்செட்' என்ற வேறு வகையாக்கிவிடும். முன்பு கோரலிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ இருந்தவர்களுக்கு விருப்பத்தேர்வுகளின் விசைப்பலகைப் பகுதியில் அந்தந்த மென்பொருளின் குறுக்குவிசைத் தொகுப்பு இருக்கிறது.

### தடிமனான கோட்டின் நடுவே ஒரே வெட்டு விழுகிறது

இயந்திரம் பாதையை மட்டுமே பார்க்கும், ஓரக்கோட்டின் தடிமனைப் பார்க்காது. கோட்டைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஆல்ட், சி கொடுத்து தடிமனை உருவமாக்குங்கள்.

### எழுத்துகள் ஒட்டும் இடத்தில் குறுக்கே வெட்டு

இரண்டு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. பாதையாக்கி, குரூப்பைப் பிரித்து, கன்ட்ரோலுடன் கூட்டல் குறி அழுத்தி ஒன்றாக இணையுங்கள்.

### எழுத்தின் கண் அடைபட்டுவிட்டது

'ண', 'ன' போன்ற எழுத்துகளின் சுழி நிறைந்துபோயிருந்தால் பாதையை உடைத்துத் தனித்தனியாக்கியிருக்கிறீர்கள். வெளிக்கோட்டையும் உள்சுழியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், கே. சுழி திறக்கவில்லையென்றால் நிறப் பலகையின் வலது ஓரத்தில் உள்ள நிரப்பு விதிப் பொத்தானை மாற்றிப் பாருங்கள்.

ஓரக்கோட்டுப் பார்வையில் எல்லாம் ஒற்றைக் கோடாக, சுத்தமாகத் தெரிந்தும் வெட்டு பிசகினால் சிக்கல் கோப்பில் இல்லை. கத்தி தேய்ந்திருக்கலாம், அழுத்தம் மாறியிருக்கலாம். இயந்திரம் பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

## அறிகுறி: ஒட்டியிருக்கும் இரு நிறங்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு

பார்வையை அருகிலும் தொலைவிலும் மாற்றிப் பாருங்கள். கோடு தோன்றி மறைந்தால் அது திரையின் வேலை. ஆனாலும் ஏற்றுமதி செய்த படத்தில் அது தங்கிவிடக்கூடும். அடியில் உள்ள உருவத்தை அரை மில்லிமீட்டர் மேலுருவத்துக்குள் நுழையும்படி நீட்டிவிடுங்கள், தீர்ந்தது.

## அறிகுறி: பி.என்.ஜி. படம் மங்கலாகவோ பாதியாகவோ வருகிறது

கன்ட்ரோல், ஷிஃப்ட், இ பலகையில் பக்கமா, முழு வரைபடமா, தேர்ந்தெடுத்ததா என்பதைப் பாருங்கள். பக்கத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாதிதான் வரும். மங்கல் என்றால் டி.பி.ஐ. எண்ணைப் பாருங்கள். மூன்றரைக்கு 2 அங்குல விசிட்டிங் கார்டு 96-இல் 336-க்கு 192 பிக்சல்தான், 300-இல் 1050-க்கு 600.

## அறிகுறி: திரையில் பளிச்சென்ற நிறம் தாளில் செத்துப்போகிறது

இங்க்ஸ்கேப் 1.2 முதல் 1.4 வரையிலான பதிப்புகள் தரும் பி.டி.எஃப். ஆர்.ஜி.பி. நிறத்தில், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவையில் இருக்கும். அச்சு இயந்திரம் நான்கு மையில் ஓடும். பளிச்சென்ற நீலம், கிளிப்பச்சை, ஆரஞ்சு ஆகியவை முதலில் அடிவாங்கும்.

செலவில்லாத வழி, அந்த நிறங்களை ஆரம்பத்திலேயே தவிர்த்து, அச்சகத்தின் மாதிரி அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. அடுத்தது, கோப்பை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொண்டுபோய் நிறங்களை சி.எம்.ஒய்.கே.யாக (அச்சின் நான்கு மைகள்) மாற்றி அங்கிருந்து பி.டி.எஃப். எடுப்பது. பொடி எழுத்தில் இருக்கும் கருப்பைத் தனியாகக் கவனியுங்கள். அது மாற்றத்தில் நான்கு மையின் கலவையாகிவிட்டால், தகடு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் நிறநிழல் விழும். கருப்பு மை மட்டும் 100 என்று இருக்க வேண்டும்.

ஆயிரம் பிரதிக்கு மேல் போகும் வேலையிலும், ஒரு நிறுவனத்தின் நிறம் மாறாமல் வரவேண்டிய வேலையிலும் இதை நீங்களே சமாளிக்க முயலாதீர்கள். அச்சகத்தின் முன்னச்சுப் பிரிவில் கொடுத்து நிறம் மாற்றச் சொல்லி, மாதிரி அச்சில் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

## அறிகுறி: கணினி தவழ்கிறது

'வியூ' மெனுவில் ஃபில்டர் இல்லாத பார்வைக்கு மாறுங்கள். உடனே வேகம் வந்தால் எங்கோ மங்கல் விளைவு அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. ஆல்பத்தில் நிழல் வைத்த கை இங்கேயும் எல்லாவற்றுக்கும் நிழல் வைக்கும். தேவையில்லாததை நீக்குங்கள்.

வேகம் வரவில்லையென்றால் டிரேஸ் செய்த உருவத்தைக் கிளிக் செய்து நிலைவரியில் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் கன்ட்ரோல், எல் ஒரு முறை மட்டும். அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் கடுமையாகி உருவம் உருகிவிடும். பிறகு பதித்த புகைப்படங்களைப் பாருங்கள். கேமராவிலிருந்து வந்தபடியே நான்கைந்து வைத்திருந்தால், தேவையான அளவுக்குப் போட்டோஷாப்பில் சிறிதாக்கிக் கொண்டுவாருங்கள். 'ஃபைல்' மெனுவில் உள்ள 'கிளீன் அப் டாக்குமென்ட்' பயன்படாத நிறக்கலவைகளை அகற்றும்.

இத்தனைக்கும் பிறகு புதிதாகத் திறந்த வெற்றுப் பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்து நகர்த்துங்கள். அதுவும் தவழ்ந்தால் நினைவகமோ வட்டோ பார்க்க வேண்டிய நிலை. கோப்புகளை வெளியே நகலெடுத்து வைத்துவிட்டு கணினி பழுதுபார்ப்பவரை வரச்சொல்லுங்கள்.